ஒரு நாளில் வரவில்லை என்றீர்கள்: 121 தோல்விகளுக்குப் பின் ஒயிட் சாக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃப் அவர்களுக்கும் அணி நிர்வாகத்தினருக்கும்,

2024 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு டெட்ராய்ட்டில் நம் அணி 4-1 என்று தோற்றபோது என் மடியில் ஸ்கோர் புத்தகம் இருந்தது. கடைசி அவுட்டைப் பென்சிலால் குறித்துவிட்டு, பக்கத்தின் மேல் ஓரத்தில் 121 என்று எழுதினேன். 1901இலிருந்து எண்ணினால் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்ற அணி வேறு கிடையாது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோல்வி கண்டது உண்மை. ஆனால் அது அந்த ஆண்டுதான் பிறந்த அணி. மற்றவர்கள் கழித்துவிட்ட ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்த்து ஆடிய அணி. நாம் 1901இலேயே அமெரிக்கன் லீக்கில் இருந்தவர்கள். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. அதே ஆட்டத்தில் டெட்ராய்ட் டைகர்ஸ் பிளேஆஃப் என்னும் இறுதிச் சுற்றுகளில் இடம் பிடித்துவிட்டதால் மைதானமே துள்ளிக் குதித்தது. நம்முடைய அவமானம்கூட அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பந்தலில்தான் அரங்கேறியது.

அந்த நாட்களில் உங்கள் பெயரில் ஓர் அறிக்கை வெளியானது. எல்லோருக்கும் வருத்தம், ரசிகர்களுக்குக் கூடுதல் வருத்தம் என்பதுபோல் எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடலாம். ஆனால் இந்த நிலைக்கு நாம் ஒரு நாளில் வந்துவிடவில்லை, ஒரு நாளில் மீளவும் முடியாது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஒரு நாளில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. எந்தெந்த நாட்களில் வந்தோம் என்பதை நீங்கள் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் என் கோபம் அலுவலக மின்னஞ்சலாகிவிடுகிறது. மொழிபெயர்க்க ஆள் வைக்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது.

நான் 2003இல் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலை படிக்க வந்தவன். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உங்கள் மைதானம், இந்தப் பக்கம் எங்கள் விடுதி. வந்த முதல் வாரத்தில் ஓர் இரவு திடீரென்று வெடிச்சத்தம் கேட்டது. ஆகஸ்ட் மாதத்தில் யார் தீபாவளி கொண்டாடுகிறார்கள் என்று சன்னலைத் திறந்து பார்த்தேன். நம் ஆட்டக்காரர் ஹோம் ரன், அதாவது நம்மூர் சிக்ஸர்போல் ஒன்று, அடித்தால் ஸ்கோர் பலகையின் மேலிருந்து வாணம் விடுவார்கள் என்பதைப் பக்கத்து அறை மாணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை பேஸ்பால் என்றால் கிரிக்கெட் ஆடத் தெரியாதவர்கள் ஆடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

2005 அக்டோபர் 23. உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். குளிரும் மழையும். டிக்கெட் வாங்கக் காசு இல்லாததால் விடுதியின் பொது அறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாவது இன்னிங்ஸ். ஸ்காட் பட்செட்னிக் மட்டையைத் தூக்கி நிற்கிறார்; வழக்கமான சீசனில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத மனிதர். திரையில் பிட்சர் இன்னும் பந்தை எறியவில்லை. சன்னலுக்கு வெளியே வெடி வெடித்துவிட்டது. ஒளிபரப்பு சில விநாடிகள் பிந்தி வருகிறது என்பது எங்களுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. நடந்து முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே, அது நடப்பதைப் பார்த்தோம். மூன்று நாள் கழித்து ஹூஸ்டனில் 1-0 என்று வென்று, 1917க்குப் பிறகு முதன்முறையாகக் கோப்பை வந்தது. அந்த அணியைக் கட்டியதும் உங்கள் நிர்வாகம்தான். அதை மறைத்துவிட்டு நான் பேசினால் அது நேர்மையாகாது.

எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தவர் மேல் அடுக்கு இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர். தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, உள்வட்டத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 என்று ஒவ்வொருவருக்கும் எண் உண்டு என்பதையும், மட்டையைச் சுழற்றாமல் நின்றபடியே அவுட் ஆனவனுக்கு ஆங்கில ‘கே’ எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பேனா கூடாது, பென்சில்தான். நடுவர்கள் மனம் மாறுவார்கள் என்பார். 1959இல் லீக் பட்டம் வென்றபோது பள்ளிப் பையனாக இருந்தவர். பிறகு 46 ஆண்டுகள் திட்டிக்கொண்டே காத்திருந்தார். அவர் திட்டுவதைக் கேட்கவே நான் பக்கத்தில் உட்காருவேன். அவ்வளவு அன்பான வசவு.

இனி நாட்கள்.

2016 டிசம்பரில் பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்தீர்கள். அடுத்த ஜூலையில் இன்னொரு பிட்சர் ஹோஸே கின்டானாவை ஊரின் மறுகோடியில் இருக்கும் கப்ஸ் அணிக்கே கொடுத்தீர்கள். இளம் ஆட்டக்காரர்களை வாங்கி அணியை அடியிலிருந்து கட்டப்போகிறோம், பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்தோம். 2018இல் 100 தோல்வி. அதையும் பொறுத்தோம். 2020இல் 12 ஆண்டுக்குப் பிறகு பிளேஆஃப் வந்தபோது பலன் கைக்கு வந்துவிட்டது என்று நம்பினோம். அந்த அக்டோபரிலேயே, அங்கே கொண்டுவந்து சேர்த்த மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் பயிற்சியாளர்) ரிக் ரென்டெரியாவை அனுப்பிவிட்டு, 76 வயது டோனி லா ரூசாவை அழைத்து வந்தீர்கள். அவர் மாபெரும் மேனேஜர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2011க்குப் பிறகு அவர் எந்த அணியையும் நடத்தியிருக்கவில்லை. 1986இல் நம் மேனேஜராக இருந்த அவரை நீக்கவிட்டதை நீங்கள் பல முறை வருந்திச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மனசாட்சியின் பழைய கடனை அடைக்க எங்கள் அணியை ஏன் பயன்படுத்தினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 2021இல் 93 வெற்றியோடு பிரிவில் முதலிடம், பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் தோல்வி. 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. இந்த ஆண்டு மார்ச்சில் டிலன் சீஸைக் கொடுத்தாயிற்று, ஜூலையில் எலோய் ஹிமெனெஸைக் கொடுத்தாயிற்று. இருவருமே கின்டானாவைக் கொடுத்து வாங்கியவர்கள். வீட்டை இடித்துக் கட்டினோம். பால் காய்ச்சிய மறு வருடமே விரிசல் விட்டது. இப்போது மறுபடியும் இடிக்கிறோம், மறுபடியும் எங்களைத்தான் வாடகை வீட்டில் உட்காரச் சொல்கிறீர்கள்.

இந்த அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் எது என்று என் மகள் கேட்டாள். ஆன்ட்ரூ பெனின்டென்டிக்குத் தந்த ஐந்தாண்டு ஒப்பந்தம், 7.5 கோடி டாலர். மற்ற அணிகள் ஒற்றை ஆட்டக்காரருக்கு 30 கோடி, அதற்கு மேலும் தருகிற காலம் இது. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தின் அணி நாம். பெனின்டென்டி மேல் எனக்கு வருத்தமில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

அடுத்து 2023 ஆகஸ்ட் 22. நீண்ட காலம் அணி நிர்வாகத்தை நடத்திய கென்னி வில்லியம்ஸ், ரிக் ஹான் இருவரையும் ஒரே நாளில் நீக்கினீர்கள். அன்று மாலை என் நண்பர்கள் வட்டத்தில் இனிப்பு வழங்காத குறைதான். வெளியிலிருந்து புதியவர் வருவார், உள்ளே என்ன அழுகியிருக்கிறது என்று பார்ப்பார் என்று நம்பினோம். ஒன்பதே நாளில், ஆகஸ்ட் 31 அன்று, உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை, ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அணியைக் கட்டும் பொது மேலாளர் ஆக்கினீர்கள். இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுக்கும் பிரிவு அதுவரை அவர் பொறுப்பில் இருந்தது. வெளியாள் வந்தால் அணியைப் புரிந்துகொள்ளவே ஓர் ஆண்டு ஆகிவிடும், அந்த ஆண்டை வீணாக்க முடியாது என்று விளக்கம் சொன்னீர்கள். வீணாக்கக் கூடாது என்று நீங்கள் காப்பாற்றிய ஆண்டு எது தெரியுமா? இதுதான். 41 வெற்றி, 121 தோல்வி. என்னைக் கேட்டால், அந்த ஒன்பது நாட்களுக்குத்தான் நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டின் ஸ்கோர் புத்தகம் முன்னால் இருக்கிறது. முதல் பக்கம் மார்ச் 28, டைகர்ஸிடம் 1-0 தோல்வி. கேரட் குரோஷே அன்று எவ்வளவு அழகாக எறிந்தார்! சீசன் முழுவதும் 146 இன்னிங்ஸில் 209 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் (ஸ்டிரைக் அவுட்) செய்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் 162 ஆட்டங்களில் எடுத்த மொத்த ரன் 507. லீக்கில் எல்லோரையும்விடக் குறைவு. முதல் 25 ஆட்டங்களில் மூன்றே வெற்றி.

மே 23ஆம் தேதிப் பக்கம் கிழிந்திருக்கிறது. கிழித்தது ரப்பர். பால்டிமோருக்கு எதிராக, நம் ஊரில், ஒன்பதாவது இன்னிங்ஸில் 8-6 வரை எட்டிப்பிடித்துவிட்டோம். ஓர் அவுட், இரண்டு பேர் ரன்னுக்கு ஓடக் காத்துப் பேஸில். பெனின்டென்டி பந்தை மேலே தூக்கி அடித்தார். அது ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போகும் சாதாரணப் பந்து. விதிப்படி பேட்டர் அவுட். சரி என்று 6 போட்டேன். இரண்டாவது பேஸிலிருந்த ஆன்ட்ரூ வான் ஷார்ட்ஸ்டாப்பின் வழியை மறித்தார் என்று நடுவர் அவரையும் அவுட் என்றார். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. இதை எப்படிக் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன். மூன்றாவது முறை தாள் ஓட்டையாகிவிட்டது. தபால்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். அறுபது ஆண்டு ஸ்கோர் எழுதிய மனிதர், “ஓட்டையை அப்படியே விட்டுவிடு, அதுதான் சரியான குறி” என்றார். அப்போதும் அவருக்குத் திட்டும் தெம்பு இருந்தது.

அந்த நாட்களில் அடுத்தடுத்து 14 தோல்வி. பிறகு ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை அடுத்தடுத்து 21 தோல்வி. 1988 பால்டிமோர் அணியின் அமெரிக்கன் லீக் சாதனையைச் சமன் செய்தோம். ஓக்லாந்தில் ஆகஸ்ட் 6 அன்று 5-1 என்று வென்று அது முடிந்தது. இரண்டு நாள் கழித்து மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கினீர்கள். இடைக்கால மேனேஜராக வந்த கிரேடி சைஸ்மோர் 13 வென்று 32 தோற்றார். மேனேஜரை மாற்றுவதற்கும் தலைவலிக்குத் தலையணையை மாற்றுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அந்த 21 தோல்விகளுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தபால்காரரை மறுபடி கூப்பிட்டேன். ஆட்டம் பார்த்தீர்களா என்று கேட்டேன். “தோட்டத்தில் தக்காளி நிறையக் காய்த்திருக்கிறது, வந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ” என்றார். ஐந்தாவது இன்னிங்ஸில் நடந்த பிழையைச் சொன்னேன். அவர் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டியதைச் சொன்னார். திட்டவே இல்லை. தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1959இலிருந்து இந்த அணியைத் திட்டிவந்த வாய் அது. அந்த வாயையே இந்த ஆண்டு மூடவைத்துவிட்டது.

மைதானம் காலியாகக் கிடப்பதைப் பற்றி எங்கள்மேல் குறை சொல்வது இந்த அணியில் பழைய வழக்கம். வடக்குப் பக்கம் கப்ஸ் தோற்றாலும் கூட்டம் வருகிறது, தெற்குப் பக்கம் வருவதில்லை என்பார்கள். உண்மை. எங்கள் பக்கத்து ரசிகன், கப்ஸ் மைதானத்தில் இருப்பதுபோல் கொடி படர்ந்த சுவரைப் பார்க்க வருபவன் அல்ல. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருபவன், எதிரில் நிற்பவனும் ஒழுங்காக வேலை பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். வராமல் இருப்பது அவன் சொல்லும் கருத்து. 2005இலும் அதற்கடுத்த ஆண்டும் அவன் வந்தான், அந்தக் கணக்கு உங்களிடமே இருக்கும்.

செப்டம்பர் 24ஆம் தேதி நான் மகளோடு வந்திருந்தேன். 120 தோல்வி முடிந்து, ஒன்று சேர்ந்தால் சாதனை என்ற நிலை. வறுத்த வெங்காய வாசம் எப்போதும்போல் இருந்தது. அதில் குறையே சொல்ல முடியாது. கோப்பையில் போட்டுத் தரும் மசாலாச் சோளத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் நம்மவர்கள் மூன்று ரன் எடுத்து 3-2 என்று முன்னேறினார்கள். சரித்திரத்தைப் பார்க்க வந்தவர்களில் சிலர், சரித்திரம் தள்ளிப்போகிறதே என்று நம் ஆட்டக்காரர்களையே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். மற்றவர்கள் “அணியை விற்றுவிடு” என்று முழக்கம் எழுப்பினார்கள். என் மகள் சோளக் கரண்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அப்பா, இப்போது நாம் யார் பக்கம்?” என்று கேட்டாள். பதினொரு வயது. பதில் சொல்ல எனக்கு ஓர் இன்னிங்ஸ் ஆயிற்று.

தோற்றாலும் ஓர் ஆதாயம் உண்டு என்பார்கள். கடைசி இடத்தில் இருப்பவருக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னுரிமை கிடைக்கும் என்று. நமக்கு அதுவும் இல்லை. பெரிய சந்தையில் இருக்கும் அணிகள் அந்த முன்னுரிமையை முடிவுசெய்யும் குலுக்கலின் முதல் இடங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற முடியாது என்பது விதி. ஆகவே 121 தோல்விக்குப் பிறகும் அடுத்த ஜூலையில் நமக்குப் பத்தாவது இடத்துக்கு மேல் கிடைக்காது. பெரிய ஊர் என்று விதி நம்மைத் தண்டிக்கிறது, சின்ன ஊர்போல நீங்கள் செலவழிக்கிறீர்கள்.

இதே ஆண்டில்தான் புதிய மைதானம் கேட்கிறீர்கள். நகர மையத்துக்குத் தெற்கே, ஆற்றங்கரையில், 78 என்று பெயர் வைத்திருக்கும் காலி நிலத்தில். மக்கள் பணத்திலிருந்து சுமார் 100 கோடி டாலர் வேண்டும் என்று பிப்ரவரியில் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய்ச் சட்டமன்றத் தலைவர்களைப் பார்த்தீர்கள். நான் இங்கே வருவதற்கு முன்பு நடந்ததையும் படித்திருக்கிறேன். 1988இல் அணியை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்ற அச்சுறுத்தலின் நடுவே, ஜூன் 30 நள்ளிரவு தாண்டியும் தாண்டாததுபோல் கடிகாரத்தைப் பாவித்துக்கொண்டு சட்டமன்றம் வாக்களித்தது. அந்தப் பணத்தில் 1991இல் எழுந்ததுதான் இப்போதைய மைதானம். எதிரே வாகன நிறுத்தத்தில் பழைய மைதானத்தில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். பழையது 80 ஆண்டு நின்றது. அடுத்த சலவைக்கல்லை 33 ஆண்டிலேயே பதிக்க வேண்டுமா? குடித்தனம் சரியில்லாதவர் வீட்டு வாஸ்துவைக் குறை சொன்ன கதையாக இருக்கிறது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

அந்த 100 கோடிக் கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தபட்சம், அணியின் வரவு செலவைப் பொதுவில் வைத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். மக்கள் பணம் கேட்பவர் மக்களிடம் கணக்குக் காட்டுவது எங்கும் உள்ள முறை.

அடுத்த மேனேஜரை உங்கள் அணியோடு எந்தப் பழைய உறவும் இல்லாதவராகத் தேடுங்கள், ஒன்பது நாளுக்கு மேல் தேடுங்கள். இளம் ஆட்டக்காரர்களைக் கண்டெடுக்கும், வளர்க்கும் பிரிவை வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யுங்கள். அந்த ஓராண்டை இனியாவது வீணாக்குங்கள்.

குரோஷேவையும் கைமாற்றப் போகிறீர்கள் என்ற பேச்சு ஜூலையிலிருந்தே அடிபடுகிறது. அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுங்கள். உங்கள் பழைய 7.5 கோடிக் கோட்டை ஒருமுறை தாண்டித்தான் பாருங்களேன்.

இவற்றில் எதற்கும் மனமில்லை என்றால் அணியை விற்றுவிடுங்கள். ஆனால் 35ஆம் தெருவை விட்டு, இந்த ஊரைவிட்டுக் கொண்டுபோக மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடுபவருக்கு மட்டும் விற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மார்ச் 27ஆம் தேதி ஏஞ்சல்ஸ் அணியோடு முதல் ஆட்டம் நம் ஊரில். அதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை, மைதானத்தின் கதவைத் திறந்து, ரசிகர்களுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அறிக்கை வேண்டாம். கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். தபால்காரரை நான் அழைத்து வருகிறேன். வரச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. அவரை மறுபடி திட்ட வைப்பது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மேல் அடுக்கில், மூன்றாவது பேஸ் பக்கம் உட்காரும் ஒரு ரசிகன்
சிகாகோ, அக்டோபர் 2024